எரியாமல் வெளியேறும் பெட்ரோல்

பழைய அவுட்போர்டு எஞ்சின் ஓடிய தடத்தில் தண்ணீரின் மேல் எண்ணெய்ப் படலம் மினுங்கும். பார்ப்பவர்கள் எங்கோ கசிகிறது என்று நினைப்பார்கள். பெரும்பாலும் எங்கும் கசிவதில்லை. எஞ்சின் அமைப்பே அப்படி. கார்புரேட்டர் வைத்த பழைய டூ ஸ்ட்ரோக் எஞ்சினுக்குள் போகும் எரிபொருளில் ஏறத்தாழ கால் பங்கு, சில வேளை அதற்கும் மேல், எரியாமலே வெளியேறிவிடுகிறது. இத்தனை வீணடிக்கும் எஞ்சின் ஏறக்குறைய ஒரு நூற்றாண்டு படகுகளை ஆண்டது ஏன்?

நார்வேயில் பிறந்து அமெரிக்காவில் குடியேறிய ஓலே எவின்ரூட், மில்வாக்கி நகரில் 1909-இல் விற்பனைக்குக் கொண்டுவந்த எஞ்சினிலேயே இதற்கு விடை இருக்கிறது. அதன் திறன் ஒன்றரைக் குதிரைத்திறன், எடை சுமார் 28 கிலோ. ஒரே ஆள் தூக்கிவந்து படகின் பின்பலகையில் மாட்டிவிடலாம். அவுட்போர்டுக்கு எடைதான் முதல் நிபந்தனை. சிக்கனம் அதற்குப் பிறகுதான்.

எடையைக் குறைக்க டூ ஸ்ட்ரோக்கை மிஞ்ச ஆளில்லை. ஃபோர் ஸ்ட்ரோக்கில் இரண்டு சுற்றுக்கு ஒருமுறைதான் எரிப்பு நடக்கும். டூ ஸ்ட்ரோக்கில் ஒவ்வொரு சுற்றிலும் நடக்கிறது. சிலிண்டர் தலையில் வால்வு இல்லை, அதை இயக்கும் தண்டும் இல்லை. சிலிண்டர் சுவரில் துளைகள் இருக்கின்றன. மேலும் கீழும் போகும் பிஸ்டனே அவற்றைத் திறந்து மூடுகிறது. பிஸ்டனுக்குக் கீழுள்ள கிராங்க் அறை, புதிய கலவையை மேலே தள்ளும் பம்பாகவும் வேலை செய்கிறது. அங்கே எண்ணெய் தேக்கிவைக்க முடியாது. அதனால்தான் எண்ணெயைப் பெட்ரோலிலேயே கலக்கிறார்கள்.

சிக்கல் தொடங்குவதும் இங்கேதான். பிஸ்டன் கீழே இறங்கும்போது புகை போகும் துளை முதலில் திறக்கிறது. புதிய கலவை வரும் துளை அடுத்துத் திறக்கிறது. ஏறும்போது வரிசை தலைகீழாகிறது. புகைத்துளைதான் கடைசியில் மூடும். உள்ளே வரும் கலவை பழைய புகையைத் தள்ளிக்கொண்டே தானும் கொஞ்சம் வெளியே ஓடிவிடுகிறது. கதவு இரண்டையும் திறந்துபோட்டு வீடு பெருக்குவது போலத்தான். நிமிடத்துக்கு 5,000 சுற்று ஓடும் எஞ்சினில் ஒரு சுற்றுக்கு 12 மில்லிவிநாடி. அதில் ஒரு பகுதிக்குள் இத்தனையும் நடந்து முடிகிறது.

பொறியாளர்கள் இதைக் கண்டு சும்மா இருக்கவில்லை. முதலில் பிஸ்டன் தலையில் ஒரு மேடு வைத்து, கலவை நேரே ஓடாமல் மேல்நோக்கித் திருப்பினார்கள். பிறகு துளைகளைச் சாய்வாக அமைத்து, கலவை சிலிண்டருக்குள் வளைந்து சுழலச் செய்தார்கள். மூன்று சிலிண்டர் எஞ்சினில் செய்ததுதான் வியப்பு: ஒரு சிலிண்டரிலிருந்து வெடித்துக் கிளம்பும் புகையின் அழுத்த அலை, பக்கத்துச் சிலிண்டரிலிருந்து நழுவும் கலவையை மீண்டும் உள்ளே தள்ளுகிறது. ஆனால் அலை சரியான நேரத்தில் வந்து சேர்வது குறிப்பிட்ட வேகத்தில் மட்டுமே. மெதுவாக ஓட்டினால் அந்த உதவி கிடைக்காது.

செலவைக் குறைக்க, வட இலங்கையிலும் தென்னிந்தியக் கரையோரங்களிலும் மண்ணெண்ணெயில் ஓடும் அவுட்போர்டுகள் உண்டு. பெட்ரோலில் கிளப்பி, சூடான பின் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். மண்ணெண்ணெய் அழுத்தத்தில் சீக்கிரமே தானாக வெடித்து எஞ்சினைத் தட்டச் செய்யும். எனவே அழுத்த விகிதத்தைக் குறைக்க வேண்டும், அதோடு சிக்கனமும் குறையும். மலிவான எரிபொருள் அந்த இழப்பை ஈடுகட்டியது. 2022 ஆகஸ்டில் இலங்கையில் மண்ணெண்ணெய் லிட்டர் 87 ரூபாயிலிருந்து 340 ரூபாய்க்கு ஏறியபோது அந்தக் கணக்கு குலைந்தது. அடி முழுவதும் மீனவர் மேல் விழுந்தது.

1990-களில் வந்த நேரடி உட்செலுத்தல் முறை, கலவை எரியாமல் நழுவும் ஓட்டையை அடைத்தது. வெறும் காற்றால் புகையை வெளியேற்றி, துளை மூடும் நேரம் பார்த்துப் பெட்ரோலைப் பீச்சுகிறது. ஆனால் அதற்கு மின்னணுக் கட்டுப்பாடு வேண்டும், விலையும் அதிகம். பழையதைக் கரையிலேயே ஸ்பேனரும் பிளக்கும் வைத்துச் சரிசெய்யலாம்.

அதனால் பழைய எஞ்சின்கள் இன்னும் ஓடுகின்றன. அவற்றை வைத்திருப்பவருக்கு எரிபொருளை மிச்சப்படுத்தச் செலவில்லாத ஒரு வழி உண்டு. பாரமேற்றித் தண்ணீரைக் கிழித்துச் செல்லும் படகில், வேகம் கூடக் கூடத் தேவைப்படும் திறன் ஏறத்தாழ வேகத்தின் மூன்றாம் அடுக்குப்படி ஏறும். வேகத்தைப் பத்து விழுக்காடு குறைத்தால், நேரம் சற்றுக் கூடினாலும், அதே தூரத்துக்கு வேண்டிய உழைப்பு ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறையும்.