கடல்ல ஒரு லைட் மாறினா யார் சொல்வாங்க? மாலுமிகளுக்கான எச்சரிக்கை எப்படி வேலை செய்யுது? ஓட்டப்பிடாரம் கரைக்கு இது ஏன் முக்கியம்?

ரோட்டில் பள்ளம் தோண்டினால் பக்கத்தில் ஒரு தடுப்பை வைத்து, சிவப்பு லைட்டைப் போட்டுவிடலாம். கடலில் ஒரு கப்பல் மூழ்கிக் கிடந்தாலோ, கலங்கரை விளக்கம் அணைந்துபோனாலோ அந்த வழியா வர்ற கப்பலுக்கு யார் சொல்வது?

அதற்காகவே உலகம் முழுக்க ஒரு ஏற்பாடு இருக்கிறது. அதன் இந்தியத் தலைமையிடம் கடலே இல்லாத டேராடூனில் இருக்கிறது. ஆனால் அங்கிருந்து கிளம்பும் தகவல் நம்ம ஊர் விசைப்படகு வரைக்கும் வந்து சேருதா? விரிவாகப் பார்க்கலாம்.

ஓட்டப்பிடாரத்துக்கும் கடலுக்கும் என்ன சம்பந்தம்?

ஓட்டப்பிடாரம் என்றதும் கரிசல் காடும், மானாவாரி உளுந்தும், வ.உ.சி. பிறந்த வீடும்தான் நினைவுக்கு வரும். 1872-ல் இங்கே பிறந்த வ.உ.சி., 1906-ல் சுதேசி ஸ்டீம் நேவிகேஷன் கம்பெனியைத் தொடங்கி தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் இடையே கப்பல் விட்டார் என்பது எல்லாருக்கும் தெரிந்த கதை.

ஆனால் இந்தத் தாலுகாவுக்கு ஒரு கடற்கரையும் உண்டு என்பது பலருக்குத் தெரியாது. தருவைகுளம் மீனவர்கள் பல நாள் கடலில் தங்கி மீன் பிடிப்பவர்கள். மாலத்தீவு பக்கம் வரைக்கும் போகிறவர்கள். 2023 அக்டோபரில் இவர்களில் 12 பேரை மாலத்தீவு கடலோரக் காவல்படை பிடித்துவைத்தது செய்தியானது நினைவிருக்கலாம். அவ்வளவு தூரம் போய்த் திரும்பும் படகுக்கு, கடலில் இன்றைக்கு என்ன மாறியிருக்கிறது என்பது உயிர் சம்பந்தப்பட்ட தகவல்.

'மாலுமிகளுக்கான அறிவிப்பு' அப்படின்னா என்ன?

கப்பலில் இருக்கும் கடல் வரைபடம் அச்சடித்த அன்றைக்குத்தான் முழுசா சரி. அதற்கப்புறம் மணல் மேடு நகரும், மிதவை இடம் மாறும், கேபிள் பதிப்பார்கள், கப்பல் மூழ்கும். இப்படி மாறுவதையெல்லாம் வரைபடத்தில் திருத்திக்கொள்ளச் சொல்லி வெளியிடுவதுதான் 'நோட்டீஸ் டு மரைனர்ஸ்', அதாவது மாலுமிகளுக்கான அறிவிப்பு.

இந்தியாவில் இதை வெளியிடுவது டேராடூனில் உள்ள தேசிய நீர்வரைவியல் அலுவலகம். மாதம் இரண்டு முறை வெளிவரும். அறிவிப்புகள் மூன்று வகை:

- நிரந்தர மாற்றம்: வரைபடத்தில் அழியாத மையால் திருத்த வேண்டியது.
- தற்காலிக மாற்றம்: ஒரு மிதவையைப் பழுதுபார்க்க எடுத்திருக்கிறார்கள் என்பது போன்றவை. பென்சிலால் குறித்துவைத்து, பிறகு அழித்துவிடலாம்.
- முன்னறிவிப்பு: 'விரைவில் இங்கே தூர்வாரும் பணி தொடங்கும்' மாதிரியான தகவல்.

வரைபடத்தை இப்படித் திருத்திவைத்திருப்பது கப்பலின் விருப்பமல்ல, கட்டாயம். கடலில் உயிர்ப் பாதுகாப்புக்கான 'சோலாஸ்' சர்வதேச உடன்பாடு இதை விதியாகவே வைத்திருக்கிறது. இப்போது பெரும்பாலான கப்பல்களில் மின்னணு வரைபடம் வந்துவிட்டது. ஆனால் அதிலும் அப்டேட் போடாவிட்டால் பழைய கடல்தான் திரையில் தெரியும்.

அவசரம்னா இரண்டு வாரம் காத்திருக்கணுமா?

இல்லை. அதற்கு ரேடியோ எச்சரிக்கை இருக்கிறது. உலகக் கடல்களை 21 பகுதிகளாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு நாட்டைப் பொறுப்பாக்கியிருக்கிறார்கள். 'நேவேரியா 8' எனப்படும் நம்ம பகுதிக்குப் பொறுப்பு இந்தியா. இந்த எச்சரிக்கைகளையும் டேராடூன் அலுவலகம்தான் ஒருங்கிணைக்கிறது. ஆழ்கடலில் போகும் கப்பலுக்கு இவை செயற்கைக்கோள் வழியாகப் போகும்.

கரையோரக் கப்பல்களுக்கு 'நேவ்டெக்ஸ்'. இது 518 கிலோஹெர்ட்ஸ் அலைவரிசையில் எழுத்தாகவே வரும் செய்தி. கப்பலில் உள்ள கருவி தானாக வாங்கிக் காட்டும். ஒரு நிலையத்தின் வீச்சு சுமார் 250 கடல் மைல் (ஒரு கடல் மைல் 1.852 கி.மீ.). இதற்காகக் கலங்கரை விளக்கத் துறை நாடு முழுக்க அமைத்துள்ள ஏழு நிலையங்களில் இரண்டு தமிழ்நாட்டில் இருக்கின்றன: கன்னியாகுமரி மாவட்டம் முட்டம், கடலூர் மாவட்டம் பரங்கிப்பேட்டை.

இதில் ஒரு முக்கியமான விஷயம்: சில வகைச் செய்திகள் வேண்டாம் என்று கருவியில் நிறுத்திவைக்கலாம். ஆனால் கடல்வழி ஆபத்து, வானிலை எச்சரிக்கை, தேடல்-மீட்பு ஆகிய செய்திகளை மாலுமியே நினைத்தாலும் நிறுத்த முடியாது.

ஒரு விளக்கு மாறினால் அவ்வளவு பெரிய பிரச்சினையா?

'கலங்கரை விளக்கம்' என்ற சொல்லைப் பிரித்துப் பாருங்கள். கலம் என்றால் கப்பல். கரைதல் என்றால் அழைத்தல். கப்பலை அழைக்கும் விளக்கு. ஒவ்வொரு விளக்கும் அழைக்கும் விதம் வேறு. ஒன்று 10 விநாடிக்கு ஒருமுறை மின்னும். இன்னொன்று இரண்டு முறை அடுத்தடுத்து மின்னிவிட்டு இருட்டாகும். ராத்திரியில் மாலுமி விநாடிகளை எண்ணித்தான், 'இது மணப்பாடு, இது தூத்துக்குடி முயல் தீவு' என்று அடையாளம் காண்பார்.

அந்தக் கணக்கை மாற்றிவிட்டு, சொல்லாமல் விட்டால்? பழைய பட்டியலை வைத்திருப்பவர் அதை வேறு ஊர் விளக்கு என்று நினைத்துத் திரும்புவார். லைட் அணைந்திருந்தால் 'ஏதோ கோளாறு' என்றாவது சந்தேகம் வரும். தவறாகப் புரிந்துகொண்ட லைட் நம்பிக்கையோடு தப்பான பக்கம் கூட்டிப்போகும்.

மன்னார் வளைகுடாவில் இது இன்னும் சிக்கல். ஆழம் குறைவு, பவளப்பாறை அதிகம். தூத்துக்குடிக்கும் ராமேஸ்வரத்துக்கும் இடையே உள்ள 21 தீவுகளில் விலங்குச்சல்லி, பூவரசன்பட்டி இரண்டும் கடலுக்குள் போய்விட்டன. ஒரு காலத்தில் பவளப்பாறைகளை வெட்டி எடுத்தது இதற்கு முக்கியக் காரணம். 1969-ல் 20 ஹெக்டேருக்கு மேல் இருந்த காரியாச்சல்லி தீவும் கரைந்து சில ஹெக்டேராகச் சுருங்கிவிட்டது. கண்ணுக்குத் தெரிந்த தீவு, தண்ணீருக்கடியில் இருக்கும் திட்டாக மாறினால் படகுக்கு ஆபத்து கூடும். அது வரைபடத்தில் ஏறியே ஆக வேண்டும்.

எச்சரித்தும் மோதிய கப்பல்கள்

2002 டிசம்பர் 14. இங்கிலாந்துக்கும் பிரான்சுக்கும் நடுவே, மூடுபனியில் 'டிரைகலர்' என்ற கார் ஏற்றிய கப்பல் இன்னொரு கப்பலோடு மோதி மூழ்கியது. உள்ளே 2,800-க்கும் அதிகமான கார்கள். ரேடியோவில் எச்சரிக்கை போனது, காவலுக்குக் கப்பல் நின்றது. இருந்தும் இரண்டாவது நாளே 'நிக்கோலா' என்ற கப்பல் அந்தச் சிதைவின் மேல் ஏறியது. 2003 ஜனவரி 1-ல் எரிபொருள் ஏற்றிவந்த 'விக்கி' என்ற டேங்கரும் அதிலேயே மோதியது.

அந்தப் பாடத்தில் பிறந்ததுதான் அவசரகாலச் சிதைவு மிதவை. நீலமும் மஞ்சளும் செங்குத்துப் பட்டைகளாக இருக்கும். ராத்திரியில் நீலமும் மஞ்சளும் மாறி மாறி மின்னும். கடலில் இதைப் பார்த்தால் 'புதுசா ஏதோ மூழ்கியிருக்கு, தள்ளிப் போ' என்று அர்த்தம்.

நமக்குப் பக்கத்திலேயே ஒரு சம்பவம் நடந்தது. 2025 மே 25-ல் விழிஞ்ஞத்திலிருந்து கொச்சிக்குப் போன 'எம்எஸ்சி எல்சா 3' கேரளக் கரைக்கு அப்பால் மூழ்கியது. ஊழியர்கள் 24 பேரும் மீட்கப்பட்டனர். ஆனால் அதில் இருந்த 640 கன்டெய்னர்களில் பல மிதந்து போயின. பிளாஸ்டிக் உருண்டைகள் கன்னியாகுமரி கரை வரைக்கும் ஒதுங்கின. பாதி முங்கி மிதக்கும் கன்டெய்னர் ரேடாரில்கூடச் சரியாகத் தெரியாது. ஒரு விசைப்படகின் அடிப்பகுதியைக் கிழிக்க அது ஒன்று போதும்.

சட்டம் என்ன சொல்கிறது?

1927-ம் ஆண்டு கலங்கரை விளக்கச் சட்டத்துக்குப் பதிலாக, 2021-ல் கடல்சார் வழிகாட்டு உதவிகள் சட்டம் வந்தது. மூழ்கிய கப்பல் கிடக்கும் இடத்தை அடையாளமிடுவதும் இதில் வருகிறது. வழிகாட்டும் விளக்கையோ மிதவையையோ வேண்டுமென்றே சேதப்படுத்தினால் ஓராண்டு வரை சிறை அல்லது 5 லட்சம் ரூபாய் வரை அபராதம் அல்லது இரண்டும். மிதவையில் படகைக் கட்டிப்போடும் பழக்கம் உள்ளவர்கள் கொஞ்சம் யோசிக்கணும்.

அப்போ தருவைகுளம் படகுக்கு யார் சொல்வது?

இங்கேதான் இடைவெளி இருக்கிறது. நேவ்டெக்ஸ் கருவி கட்டாயம் என்பது பயணிகள் கப்பல்களுக்கும், 300 டன்னேஜுக்கு மேற்பட்ட சரக்குக் கப்பல்களுக்கும்தான். மீன்பிடிப் படகு அந்த வரம்புக்குள் வராது. நேவ்டெக்ஸ் செய்தி வருவதும் ஆங்கிலத்தில், அதுவும் சுருக்கெழுத்து மாதிரி.

ஆக, டேராடூன் எச்சரிக்கை ஒரு படகு ஓட்டுநருக்கு வந்து சேர்வது மீன்வளத்துறை அறிவிப்பாக, ஊர் மைக்கில் சொல்வதாக, வாட்ஸ்அப் செய்தியாகத்தான். கரையில் இருந்தால் கேட்கலாம். பத்து நாளாகக் கடலில் இருப்பவருக்கு?

இதற்காகத்தான் மீன்பிடிப் படகுகளுக்கு இஸ்ரோ தொழில்நுட்பத்தில் டிரான்ஸ்பாண்டர் கொடுக்கும் திட்டம் 2024 ஆகஸ்டில் நாடு தழுவிய அளவில் தொடங்கியது. இலக்கு ஒரு லட்சம் படகுகள். செல்போன் சிக்னல் இல்லாத இடத்திலும் செயற்கைக்கோள் வழியாகச் செய்தி வரும், திருப்பியும் அனுப்பலாம். கருவியைப் பூட்டினால் மட்டும் போதாது, அதை எப்போதும் ஆன் செய்து வைத்திருக்கவும் வேண்டும்.

இனிமேல் ஏன் இது அதிகமாகப் பேசப்படும்?

2024 பிப்ரவரி 28-ல் பிரதமர் மோடி ஒரே நாளில் இந்த மாவட்டத்துக்கான இரண்டு திட்டங்களுக்கு அடிக்கல் நாட்டினார். ஒன்று, குலசேகரப்பட்டினம் ராக்கெட் ஏவுதளம். இன்னொன்று, தூத்துக்குடி துறைமுகத்தின் வெளித்துறைமுகக் கன்டெய்னர் முனையம்.

இரண்டுமே கடலை மாற்றும். தூர்வாரினால் மிதவைகள் நகரும். ராக்கெட் ஏவும் ஒவ்வொரு முறையும், அதன் பாகங்கள் விழக்கூடிய கடற்பகுதிக்கு, எந்த நேரம் முதல் எந்த நேரம் வரை என்று எச்சரிக்கை போகும். ஸ்ரீஹரிகோட்டா பக்கத்து மீனவர்களுக்குப் பழகிப்போன இந்த அறிவிப்பு, நம்ம கரைக்குப் புதுசு.

மீனவர்கள் கவனிக்க வேண்டியவை

- துறைமுகத்துக்குள் நுழையும்போது சிவப்பு மிதவை இடப்பக்கம், பச்சை மிதவை வலப்பக்கம் இருக்க வேண்டும்.
- நீலம்-மஞ்சள் மிதவையைக் கண்டால் விலகிப் போகவும்.
- விஎச்எஃப் ரேடியோவை சேனல் 16-ல் வைத்திருக்கவும்.
- மிதக்கும் கன்டெய்னர், அணைந்த விளக்கு, இடம் மாறிய மிதவை எதைப் பார்த்தாலும் ஜிபிஎஸ் இருப்பிடத்தைக் குறித்துக்கொண்டு தகவல் சொல்லவும். கடலோரக் காவல்படை: 1554. கடலோரப் பாதுகாப்புக் குழுமம்: 1093.

கடைசிக் குறிப்பு அலட்சியப்படுத்தக் கூடியதல்ல. கப்பல் கேப்டன் ஆபத்தைப் பார்த்தால் மற்றவர்களுக்குத் தெரிவிக்க வேண்டும் என்பது சர்வதேச விதி. டேராடூனில் வெளியாகும் பல எச்சரிக்கைகளின் தொடக்கம், கடலில் யாரோ ஒருவர் பார்த்துச் சொன்ன தகவல்தான். அந்த ஒருவர் தருவைகுளத்துக்காரராகவும் இருக்கலாம். அவர் சொல்லும் தகவல் மேலே போகிற அதே வேகத்தில், எச்சரிக்கை தமிழில் அவர் படகுக்குத் திரும்பி வருவதைத்தான் இனி அரசு உறுதி செய்ய வேண்டும்.