எண்ணூர் ஆஸ்டினின் முன் சஸ்பென்ஷனைக் கழற்றப் போறீங்களா? முதல்ல ஸ்பிரிங்குக்கு பயப்படுங்க!

ரெஸ்டோரேஷன் ரீல்ஸ் பார்த்தால் எல்லாமே ஈஸியாகத்தான் தெரியும். துருப்பிடித்த கார் ஒன்று வரும், பின்னணியில் பாட்டு ஓடும், முப்பது நொடியில் பளபளவென நிற்கும். அந்த வீடியோவில் பெரும்பாலும் காட்டாத ஒரு வேலை, முன் சஸ்பென்ஷனைக் கழற்றுவது. பெயின்ட் சரியாக வராவிட்டால் தேய்த்துவிட்டுத் திரும்ப அடிக்கலாம். இங்கே தவறினால் போவது கையோ, முகமோ.

ராயபுரத்திலிருந்து கடலோரமாகவே வடக்கே போனால், திருவொற்றியூர் தாண்டி எண்ணூர். அங்கே இருக்கும் அசோக் லேலண்ட் என்றதும் நமக்கு லாரியும் பஸ்ஸும்தான் ஞாபகம் வரும். ஆனால், 1948-ல் ரகுநந்தன் சரண் அதைத் தொடங்கியபோது பெயர் அசோக் மோட்டார்ஸ். வேலை, இங்கிலாந்தின் ஆஸ்டின் ஏ40 கார்களைப் பாகங்களாக வரவழைத்து எண்ணூரில் பூட்டுவது. பெயரில் லேலண்ட் சேர்ந்தது 1955-ல்தான். நம்ம ஊர் ஆட்கள் பூட்டிய கார் என்பதால், கழற்றுவதற்கும் அதையே உதாரணமாக எடுத்துக்கொள்வோம்.

ஏ40-ன் முன்பக்கத்தில் ஒரு விவகாரம் இருக்கிறது. இன்றைய மாருதியில் ஷாக் அப்சார்பர் நீளமான குழாய் மாதிரி நிற்கும். ஏ40-ல் அது சேஸிஸில் பூட்டிய, எண்ணெய் நிரம்பிய ஒரு பெட்டி. அதிலிருந்து நீளும் கைதான் சக்கரத்தைப் பிடித்திருக்கும் மேல் கை. அதாவது, ஷாக் அப்சார்பரும் மேல் கையும் ஒன்றே. கீழே தனியாக இன்னொரு கை. அந்தக் கீழ்க் கைக்கும் சேஸிஸுக்கும் நடுவே நசுங்கி உட்கார்ந்திருப்பது காயில் ஸ்பிரிங். 'முதலில் ஷாக் அப்சார்பரைக் கழற்றிவிடலாமே' என்று புதிய கார்ப் பழக்கத்தில் ஸ்பேனரைப் போட்டால், ஸ்பிரிங்கைப் பிடித்து வைத்திருக்கும் பூட்டையே திறக்கிறீர்கள் என்று அர்த்தம்.

காரின் எடை ஒரு டன்னுக்குக் கொஞ்சம் கம்மி. முன் சக்கரம் ஒவ்வொன்றும் சுமார் கால் டன்னைத் தாங்குகிறது என்று வையுங்கள். ஸ்பிரிங் சக்கரத்துக்கு நேர் மேலே இல்லை. கையின் உள்பக்கமாக, கீலுக்கு அருகில் இருக்கிறது. சீசாவில் நடுப்பக்கம் உட்கார்ந்தவர் ஓரத்தில் இருப்பவரைத் தூக்க அதிகமாக அழுத்தவேண்டும் இல்லையா? அதே கணக்குதான். ஸ்பிரிங் மீதான அழுத்தம் சக்கரத்தின் சுமையைவிடக் கணிசமாக அதிகம்.

பலரும் ஏமாறும் இடம் அடுத்தது. ஜாக்கி போட்டுத் தூக்கிவிட்டோம், சக்கரம் அந்தரத்தில் தொங்குகிறது, அப்போ ஸ்பிரிங் ஃப்ரீதானே? இல்லை. கை ஒரு அளவுக்குமேல் கீழே இறங்காமல் தடுப்பு இருக்கும். அங்கே வந்து நிற்கும்போதும் ஸ்பிரிங் பாதி நசுங்கிய நிலையில்தான் காத்திருக்கிறது.

இன்னொரு விஷயம், வரிசை. ரெஸ்டோரேஷன் என்றதும் எஞ்சினை இறக்குவதுதான் முதல் ஆசை. கொஞ்சம் பொறுங்க. எஞ்சின் போய்விட்டால் முன்பக்கம் லேசாகிவிடும். அப்புறம் கீழ்க் கைக்கு ஜாக்கி கொடுத்தால் ஸ்பிரிங் நசுங்காது, காரே ஸ்டாண்டை விட்டு எழும்பும். அதனால் முடிந்தவரை எஞ்சின் உள்ளே இருக்கும்போதே ஸ்பிரிங்கை எடுத்துவிடுங்கள்.

சரி, வேலைக்கு வருவோம். கார் தரையில் நிற்கும்போதே சக்கர நட்டுகளை லேசாகத் தளர்த்தி, பின் சக்கரங்களுக்குக் கட்டை கொடுங்கள். தூக்கிய பிறகு, சேஸிஸுக்கு அடியில் ஸ்டாண்ட் கட்டாயம். வெறும் ஜாக்கியை நம்பி காருக்கு அடியில் போகவே கூடாது. பிரேக் டிரம்மைக் கழற்றும்போது உள்ளே இருக்கும் தூசியை ஏர் பிடித்து ஊதாதீங்க. அந்தக் காலத்து பிரேக் லைனிங்கில் ஆஸ்பெஸ்டாஸ் உண்டு. மாஸ்க் போட்டு, ஈரத்துணியால் துடைத்தெடுங்கள். டை ராட் எண்ட் வரமாட்டேன் என்று அடம்பிடித்தால், மரையின் தலையில் அடித்து நாசம் செய்யவேண்டாம். அது நுழைந்திருக்கும் ஸ்டீயரிங் கையின் இரு பக்கமும் இரண்டு சுத்தியலால் ஒரே நேரத்தில் தட்டுங்கள். அந்த அதிர்விலேயே பெரும்பாலும் விட்டுவிடும்.

இப்போது ஸ்பிரிங். இந்த வகைக் கார்களில் ஸ்பிரிங் உட்காரும் தட்டைக் கீழ்க் கைகளோடு நான்கு போல்ட்டுகள் பிடித்திருப்பது வழக்கம். தட்டுக்கு அடியில் ஜாக்கியை முட்டுக் கொடுத்துவிட்டு, எதிரெதிர் மூலையில் இருக்கும் இரண்டு போல்ட்டுகளை மட்டும் ஒவ்வொன்றாக எடுத்து, அங்கே முழு நீளமும் மரை உள்ள நீளமான ஹை டென்சைல் போல்ட்டுகளைப் போடுங்கள். ஹார்டுவேர் கடையில் கிடைக்கும் சாதா போல்ட் இதற்கு ஆகாது. அதன்பிறகு மற்ற இரண்டையும் எடுத்து, ஜாக்கியை இறக்கி, நீள போல்ட்டுகளின் நட்டுகளை மாற்றி மாற்றிக் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்தினால் தட்டு மெதுவாக இறங்கும். ஸ்பிரிங் கையால் ஆட்டினால் ஆடும் நிலைக்கு வரும்வரை அவசரம் வேண்டாம். ஒரு சங்கிலியை ஸ்பிரிங்குக்குள் விட்டு சேஸிஸோடு கட்டிவைப்பது கூடுதல் பாதுகாப்பு. முகம் எப்போதும் ஸ்பிரிங்குக்கு நேராக இருக்கக் கூடாது. உங்கள் மாடலின் வொர்க்‌ஷாப் மேனுவல் வேறு முறை சொன்னால், அதைத்தான் கேட்கவேண்டும்.

ஸ்பிரிங் வெளியே வந்தபின் ஷாக் அப்சார்பர் கையை மேலும் கீழும் அசைத்துப் பாருங்கள். ஒரே சீரான இறுக்கம் இருந்தால் நல்லது. லொடலொடவென ஆடினால் உள்ளே எண்ணெய் இல்லை.

வேறு கார் வைத்திருப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. வண்டலூர் பக்கம் தயாரான ஸ்டாண்டர்டு ஹெரால்டில் ஸ்பிரிங், ஷாக் அப்சார்பரைச் சுற்றியே இருக்கும். ஸ்பிரிங் கம்ப்ரஸர் போடாமல் மேலே நடுவில் உள்ள நட்டைத் தொடவே தொடாதீர்கள். அதில் சக்கரம் திரும்பும் கீழ் மூட்டுக்கு கிரீஸ் அல்ல, கியர் ஆயில்தான் போடவேண்டும். அது காய்ந்து மரையில் துரு ஏறினால், ஓடும்போதே முறிந்து சக்கரம் மடங்கிவிடும். அதனால் கழற்றியதும் முதலில் பார்க்கவேண்டியது அந்த மரையை. பழைய அம்பாஸடரில் காயில் ஸ்பிரிங்குக்குப் பதில் முறுக்குக் கம்பி. இடது, வலது மாற்றக் கூடாது. அதன்மேல் ஒரு கீறல்கூட விழக் கூடாது.

கடல் காற்று குடித்த காரில் போல்ட்டுகள் லேசில் அசையாது. துரு இளக்கும் எண்ணெயை இரண்டு, மூன்று நாள் விட்டு விட்டு ஊற்றி ஊறவிடுங்கள். உடனே கேஸ் டார்ச்சைத் தூக்கவேண்டாம். பக்கத்தில் கிரீஸ், பிரேக் ஆயில், ரப்பர் எல்லாம் இருக்கிறது; சூடுபட்ட ஸ்பிரிங் தன் பலத்தை இழந்துவிடும். ஸ்பேனரும் அங்குல அளவில் வேண்டும். பதிமூணு, பதினாலு எம்.எம். ஸ்பேனரை வைத்து மல்லுக்கட்டினால் போல்ட்டின் தலைதான் வழியும்.

ஒவ்வொரு பாகத்தையும் கழற்றும் முன் போனில் போட்டோ எடுங்கள். இடது, வலது என்று எழுதித் தனித்தனி ஜிப் கவரில் போடுங்கள். மெல்லிய தகடு மாதிரி விழும் ஷிம்களைக் குப்பை என்று நினைக்காதீர்கள். சக்கரத்தின் சாய்மானத்தை ஒழுங்குபடுத்துவது அவைதான். தேய்ந்த கிங் பின், புஷ்ஷைக்கூடத் தூக்கிப்போடாதீங்க. புதுப்பேட்டையில் தேடி, கிடைக்காமல் லேத்தில் கடைந்துகொள்ள நேர்ந்தால், அளவு எடுக்க அதுதான் மாதிரி.

'இவ்வளவு கஷ்டம் எதுக்கு, சேஸிஸை வெட்டி ஒரு புது கார் சஸ்பென்ஷனை வெல்டு வெச்சிடலாம்' என்று பட்டறையில் யாராவது ஐடியா கொடுப்பார்கள். 2021-ல் வந்த மத்திய அரசின் விதிப்படி, 50 வயது தாண்டிய கார்களை 'விஏ' என்ற தனி எண் வரிசையில் விண்டேஜ் வாகனமாகப் பதியலாம். ஆனால் சேஸிஸ், பாடி, எஞ்சினில் பெரிய மாற்றம் செய்திருக்கக் கூடாது என்பது நிபந்தனை. வெல்டிங் மெஷினை ஆன் செய்யும் முன் அந்த விதியை ஒருமுறை படித்துவிடுங்கள்.