9-ம் வகுப்புக்கு மேல் படிப்பவர்களுக்கு இலவச மாலை மையம்... தொடங்கும் முன் இதைக் கவனிங்க!

மாலையில் தன்னார்வலர்கள் பாடம் சொல்லித் தரும் தமிழக அரசின் 'இல்லம் தேடிக் கல்வி' 2021-ல் தொடங்கியது. ஆனா தொடங்கினப்போ அது 8-ம் வகுப்பு வரைதான் இருந்தது. அதற்கு மேல் படிக்கிறவங்களுக்குக் காசிருந்தா டியூஷன், இல்லைன்னா செல்போன்.

சின்ன ஊரில் இவர்களுக்கு இலவச மையம் நடத்த இடம் கிடைச்சிடும். சமுதாயக் கூடம் போதும். சிக்கல், வீடு திரும்புறதுதான். கடைசி டவுன் பஸ் 7 மணிக்குன்னா வகுப்பு 6.30-க்கே முடியணும். ஒருநாள் இருட்டிட்டா, மறுநாள் பெண் பிள்ளைகளை வீட்டில் அனுப்ப மாட்டாங்க, பாடம் எவ்வளவு நல்லா நடந்தாலும்!

மதியம் சாப்பிட்டதோட வர்றவங்களுக்குச் சுண்டல் கொடுங்க; பசியில கணக்கு ஏறாது. பெற்றோர் கையெழுத்து, வருகைப் பதிவேடு வைங்க. சொல்லித் தர்றவர் யாரா இருந்தாலும், ஒரு மாணவருடன் தனியா இருக்க விடாதீங்க. பாலியல் தொல்லை தெரிய வந்தால், போக்சோ சட்டப்படி போலீசில் சொல்லியே ஆகணும். மறைச்சா அதுவே குற்றம். குழந்தைகள் உதவி எண் 1098.