முடிவை மாற்ற மறுத்தவர்

முதுமையடைந்த பெற்றோரை யார் வைத்துக்கொள்வது? பிள்ளைகள் பலர் பிறந்த வீட்டிலும் எழுகின்ற இக்கேள்வியை 1937ஆம் ஆண்டிலேயே திரைப்படமாக்கி, அதனால் தம் பதவியையும் இழந்தவர் அமெரிக்க இயக்குநர் லியோ மக்கேரி.

1898இல் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரில் பிறந்த இக்கத்தோலிக்கர் சட்டம் பயின்றவர். வழக்கறிஞர் தொழில் கைகூடவில்லை. ஹால் ரோச் என்பாரின் ஸ்டூடியோவில் நகைச்சுவைக் குறும்படங்கள் எடுத்துத் தேர்ச்சி பெற்றார். லாரல், ஹார்டி இருவரையும் இணைபிரியா ஜோடியாக்கியதில் இவருக்குப் பெரும் பங்குண்டு.

பிறரைச் சிரிக்கவைத்தே பெயர் பெற்ற இவர், தம் தந்தையின் மறைவுக்குப் பின் பாரமவுண்ட் நிறுவனத்துக்காக எடுத்த படம் 'மேக் வே ஃபார் டுமாரோ'. பத்துக் கட்டளைகளுள் நான்காவதை நினைவூட்டியே அது தொடங்குகிறது. ஐம்பது ஆண்டுகள் இல்லறம் நடத்திய தம்பதியர், வங்கிக் கடனால் வீட்டை இழக்கின்றனர். பிள்ளைகள் ஐவர், இருவரையும் சேர்த்து வைத்துக்கொள்ள ஒரு வீட்டிலும் இடமில்லை. தாய் நியூயார்க்கில் மகனிடமும், தந்தை தொலைவூரில் மகளிடமும் பிரிந்து வாழ்கின்றனர். அப்பிள்ளைகள் கொடியவர்கள் அல்லர். நம்மைப் போன்றவர்களே, அவரவர்க்கு அவரவர் தொல்லை.

தாயை முதியோர் இல்லத்தில் சேர்க்கத் துணிந்த மகன், அதைச் சொல்ல நாவெழாமல் தவிக்கிறான். குறிப்பறிந்த தாயோ, அங்குச் செல்லத் தானே விரும்புவதாக முந்திக்கொண்டு கூறிவிடுகிறாள். பெற்ற மனம் அல்லவா! தந்தை கலிபோர்னியாவிலுள்ள மற்றொரு மகளிடம் அனுப்பப்படுகிறார். தேனிலவைக் கழித்த விடுதியில் சில மணி நேரம் மகிழ்ந்திருந்துவிட்டு, முதியவர் இருவரும் இரயில் நிலையத்தில் விடைபெறுகின்றனர். மனைவி செல்லுமிடம் எதுவென்று அவர் அறியார்.

இன்பமான முடிவு வேண்டுமென நிறுவனம் வற்புறுத்தியது. மக்கேரி இணங்கவில்லை. படம் வசூலில் தோற்றது. பாரமவுண்ட் அவரை விலக்கியது. அதே ஆண்டில் கொலம்பியா நிறுவனத்துக்காக அவர் எடுத்த 'தி ஆஃபுல் ட்ரூத்' என்னும் நகைச்சுவைப் படம், சிறந்த இயக்குநருக்கான ஆஸ்கார் விருதை ஈட்டித் தந்தது. விருதைப் பெற்றவர், நீங்கள் தவறான படத்துக்குத் தந்துவிட்டீர்கள் என்னும் பொருள்படக் கூறினார்.

1944இல், முன்பு விலக்கிய அதே பாரமவுண்டுக்காக 'கோயிங் மை வே' படத்தை எடுத்தார். முதிய பங்குத்தந்தை ஒருவரையும் அவருக்குத் துணையாக வரும் இளங்குருவையும் பற்றிய அப்படம் 7 ஆஸ்கார் விருதுகளை வென்றது. அதன் இறுதியில், பல்லாண்டுகள் காணாதிருந்த தம் தாயை முதிய குரு தழுவிக்கொள்கிறார். 1937இல் பிரிந்த கைகள் இங்கே சேர்ந்தன போலும்!

1969இல் மக்கேரி மறைந்தார். வசூலில் தோற்ற அப்படமோ மறையவில்லை. ஜப்பானிய இயக்குநர் ஓசுவின் 'டோக்கியோ ஸ்டோரி' (1953) அதன் தாக்கத்தில் பிறந்தது. 2010இல் அமெரிக்கத் தேசியத் திரைப்படப் பதிவேட்டில் அது இடம்பெற்றது.

படத்தின் முடிவை அவர் மாற்றவில்லை. நம் இல்லத்துக் கதையின் முடிவோ இன்னும் எழுதப்படவில்லை. அது நம் கையில் உள்ளது.