உலாவி வழியே உரையாடல்

அண்மையில் ஒரு நிறுவனத்தின் இணையப் பக்கத்தில் பொத்தானை அழுத்தி, அதன் ஊழியர் ஒருவரோடு பேசினேன். அவர் குரல் அடிக்கடி சிதைந்து ஒலித்தது. அக்கறையின்றிப் பேசுகிறார் என எண்ணிக் கடிந்துகொண்டேன். காரணம் அறிந்தபின் வருந்தினேன்.

அவ்வுரையாடலுக்கு அடிப்படை வெப்ஆர்டிசி என்னும் முறையாகும். 2011ஆம் ஆண்டில் கூகுள் நிறுவனம் இதன் மூலநிரலை யாவர்க்கும் வழங்கியது. 2021இல் இது வலைத் தரமாக ஏற்கப்பெற்றது. இதற்குத் தனி மென்பொருள் வேண்டுவதில்லை, உலாவியே போதும். இடையில் நுழைவாயில் ஒன்றை அமைத்தால், பேச்சு சாதாரணத் தொலைபேசிக்கும் சென்று சேரும்.

நம் குரல் சிறுசிறு பொட்டலங்களாகப் பகுக்கப்பட்டுச் செல்கிறது. ஒவ்வொன்றிலும் பெரும்பாலும் 20 மில்லிசெகண்டு ஒலியே அடங்கும். வழியில் சில தொலைந்துபோவதுண்டு. எழுத்துக் கோப்பாயின், தொலைந்ததை மீண்டும் கேட்டுப் பெறலாம். ஓர் எழுத்துக் குறைந்தாலும் பொருள் கெடுமன்றோ? பேச்சிலோ, காலங்கடந்து வரும் ஒலியால் பயனில்லை. ஆதலின், உலாவி நெடுநேரம் காத்திராமல், முன்வந்த ஒலியைக் கொண்டே இடைவெளியை நிரப்புகிறது. தொடர்ந்து பல தொலைந்தால் நிரப்ப இயலாது, குரல் சிதைகிறது.

ஆகவே, அன்று நேர்ந்தது வழியின் குறை, பேசியவர் குறையன்று. ஆராயாமல் சினந்ததே என் பிழை. காரணம் தேடுவதே கல்வியின் முதற்பயன் என்று வகுப்பில் பன்முறை கூறிய நான், அதனை அன்று மறந்தேன்; நீங்கள் மறவாதீர்கள்.