மக்கள் மொழியில் குருத்துவக் கல்வி

ஹட்டன், நுவரெலியாத் தோட்டங்களில் பணிபுரியவிருக்கும் கிறிஸ்தவக் குருவானவருக்கு வேதநூலறிவு மாத்திரம் போதுமோ? கொழுந்து பறித்துக் களைத்து லயத்துக்குத் திரும்பும் தாயின் துயரை, அவள் மொழியிலன்றோ கேட்டு ஆறுதல் கூற வேண்டும்! முன்னர் இப்பயிற்சி பெரிதும் ஆங்கிலத்திலேயே நடைபெற்றது. இக்குறை நீங்க, அங்கிலிக்கன், மெதடிஸ்த, பப்டிஸ்த, பிரெஸ்பிட்டேரியன் சபைகள் ஒன்றுகூடி, 1963ஆம் ஆண்டில் கண்டிக்கு அருகே பிலிமத்தலாவையில் இலங்கை இறையியற் கல்லூரியை நிறுவின. அங்கே சிங்களத்திலும் தமிழிலும் பாடங்கள் போதிக்கப்படுகின்றன. இரு மொழி மாணவரும் ஒரே வளாகத்தில் பயில்கின்றனர்.

இனப்பூசலால் நொந்த நாட்டில், பாடப்புத்தகத்தில் இல்லாத பாடம் இது. அயலார் மொழிக்குச் செவிசாய்க்கப் பழகியவரே அவர்தம் துயருக்கும் செவிசாய்ப்பார். சைவர்களாகிய நமக்கும் இது பொருந்துமன்றோ?