வளர்ந்தோர் வாசிப்பும் மூளையின் மின்தூண்டலும்

பேச்சு இயல்பாய் வருவது. எழுத்தோ கற்றாலன்றி வாராது. பல்லாயிரம் ஆண்டுகளாகப் பேசிவந்த மாந்தர் எழுதத் தொடங்கி ஏறத்தாழ 5000 ஆண்டுகளே ஆகின்றன. ஆதலின், வாசிப்பிற்கெனப் பிறவியிலேயே அமைந்த தனியிடம் மூளையில் இல்லை. எழுத்தின் வடிவை அறியும் பகுதியையும், ஒலியை உணரும் பகுதியையும், பொருளைக் கொள்ளும் பகுதியையும் பயிற்சியே இணைக்கின்றது. பெரும்பான்மையோர்க்கு இவ்விணைப்பு மூளையின் இடப்பாதியில் அமையும். அது வலுப்பெறாதோர் வளர்ந்த பின்னரும் எழுத்துக்கூட்டியே படிப்பர். கடிதம் வந்தால் பிறர் உதவியை நாடுவர். அதனை வெளியே சொல்லவும் நாணுவர்.

இத்தகையோர்க்கு அறுவையின்றி மூளையைத் தூண்டி உதவ இயலுமா என அறிஞர்கள் ஆராய்ந்து வருகின்றனர். அதற்குரிய வழிகளுள் இரண்டினை இங்கே காண்போம்.

1985ஆம் ஆண்டு இங்கிலாந்தின் ஷெஃபீல்டு நகரில் ஆன்டனி பார்க்கரும் அவர்தம் குழுவினரும், தலைமேல் வைத்த கம்பிச்சுருளின் காந்தத் துடிப்பினால் மூளையைத் தூண்டிக் காட்டினர். 2000ஆம் ஆண்டு ஜெர்மனியின் கோட்டிங்கன் நகரில் நிட்சே, பவுலஸ் ஆகிய இருவரும், தலைத்தோலின்மீது வைத்த மின்முனைகள் வழியே மெல்லிய மின்னோட்டத்தைச் செலுத்தி, மூளையின் கிளர்ச்சித் தன்மை மாறுதலை நிறுவினர். இம்முறையில் பெரும்பாலும் 1 முதல் 2 மில்லி ஆம்பியர் மின்னோட்டமே, சுமார் 20 நிமிடம் செலுத்தப்பெறும். அது நரம்பணுக்களைத் தானே இயக்குவதில்லை. அவை எளிதில் இயங்குமாறு ஆயத்தப்படுத்துகின்றது.

2012இல் வெளிவந்த அமெரிக்க ஆய்வொன்றில், இடக்காதினை ஒட்டிய மூளைப் பகுதியை இவ்வாறு தூண்டியபோது, சராசரிக்குக் குறைந்த வாசிப்புத் திறனுடைய வளர்ந்தோர் சொற்களை முன்னினும் திறம்படப் படித்தனர். எனினும், பின்வந்த ஆய்வுகளின் முடிவுகள் ஒருபடித்தாய் இல்லை. எனவே, இதனை மருந்தெனக் கொண்டு, கருவி வாங்கி வீட்டில் தாமே செய்து பார்த்தல் தகாது.

மின்னோட்டமின்றியே மூளை மாறும் என்பதற்குச் சான்றுண்டு. 2010இல் ஸ்டனிஸ்லாஸ் டெஹேனும் அவர்தம் குழுவினரும் பிரேசில், போர்ச்சுகல் நாடுகளைச் சார்ந்த 63 பேரை ஆராய்ந்தனர். வளர்ந்த பின் எழுத்தறிவு பெற்றோரின் மூளையும், எழுத்தைக் கண்டு விழித்தெழும் பாங்கினைப் பெற்றிருந்தது.

ஓதுதலை ஏவிய முதல் திருவசனம் அருளப்பெற்றபோது நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் அகவை 40 என்பதை நாம் அறிவோம். கல்விக்குக் காலம் கடந்துவிட்டது என்பாரில்லை. மின்னோட்டம் நிலத்தை ஈரமாக்கலாம். உழவும் விதைப்பும் பயிற்சியினுடையவை. நம் இல்லத்தில் எழுத்துக்கூட்டிப் படிக்கும் பெரியவர் ஒருவருடன் நாள்தோறும் அரைமணி நேரம் அமர்ந்து படிப்போமாக. அதற்குக் கருவி ஏதும் வேண்டுவதில்லை, பொறுமையே போதும்.